இரைப்பு நோயும் இயற்பியலும்



1990-களில் உலகின் பல நாடுகளில் உங்கள் வயதை ஒத்த மாணவர்களிடம் ஒரு வினாத்தாள் தரப்பட்டது. அது தேர்வு அன்று; மதிப்பெண்ணும் கிடையாது. கடந்த 12 மாதங்களில் உங்கள் நெஞ்சில் இரைச்சலோ விசில் போன்ற ஒலியோ எழுந்ததுண்டா என்பதே அதன் முக்கியமான வினா. குழந்தைப் பருவ ஆஸ்துமாவையும் ஒவ்வாமையையும் பற்றிய அந்தப் பன்னாட்டு ஆய்வில் 56 நாடுகளைச் சேர்ந்த 13, 14 வயது மாணவர்கள் 4,63,801 பேர் விடையளித்தனர். தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் நெய்வேலியும் அதில் இடம் பெற்றன. 1998-இல் வெளியான முடிவுகள் வியப்பூட்டின. சில ஊர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட ‘ஆம்’ என்று சொல்லவில்லை. வேறு சில ஊர்களில் நூற்றுக்கு 36 பேருக்கு மேல் ‘ஆம்’ என்றனர்.

உங்கள் பள்ளியில் எத்தனை பேர் ‘ஆம்’ என்பார்கள்? நூற்றுக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டாலும், 40 பேர் உள்ள வகுப்பில் இருவர் இருப்பார்கள். அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? அவர்களுக்கு மூச்சுத் திணறல் வந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியுமா?

ஆஸ்துமாவை நம் மதுரைப் பக்கத்தில் இழுப்பு என்றும் இளைப்பு என்றும் சொல்வார்கள். இக்காலத்துப் பிள்ளைகள் ‘வீசிங்’ என்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன், இயற்பியல் ஆசிரியன். இன்ன மருந்தை இன்ன அளவில் சாப்பிடு என்று சொல்வது மருத்துவரின் வேலை. ஆனால் இந்த நோயில் குழல், அழுத்தம், ஆரம், துகள், நிலைமம், மின்னூட்டம் என்று நாம் வகுப்பில் படிக்கும் பொருள்கள் பல வருகின்றன. அவற்றைப் புரிந்துகொண்டால், பள்ளியில் என்ன செய்ய வேண்டும் என்பதும் தானே விளங்கும்.

தலைகீழ் மரம்

நம் நுரையீரலைத் தலைகீழாக நிற்கும் ஒரு மரமாக எண்ணிப் பாருங்கள். தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழல்தான் அடிமரம். அது இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு கிளையும் மீண்டும் இரண்டாகப் பிரியும். இப்படி ஏறத்தாழ 23 முறை பிரிந்த பிறகு, இலைகளைப் போல் கோடிக்கணக்கான காற்றறைகள் வருகின்றன. அங்கேதான் ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது.

ஆஸ்துமாவில் காற்றறைகள் கெடுவதில்லை. இடையிலுள்ள சிறு குழல்கள்தான் குறுகிப் போகின்றன. காரணங்கள் மூன்று. ஒன்று, குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இரண்டு, குழலின் உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது. மூன்று, சளி மிகுதியாகச் சுரந்து வழியை அடைக்கிறது. இந்நோய் உள்ளவரின் குழல்கள் மற்றவர்களின் குழல்களைவிடக் கூர்உணர்வு மிக்கவை. உங்களுக்கு ஒரு தும்மலோடு போகிற தூசி, அவருக்கு இம்மூன்றையும் தூண்டிவிடும்.

நான்காம் அடுக்கு

குழல் சற்றுக் குறுகினால் காற்றும் சற்றுத்தானே குறையும் என்று தோன்றும். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை.

பிரான்சு நாட்டு மருத்துவர் பாய்சொய், 1838 முதல் மெல்லிய கண்ணாடிக் குழல்களில் நீரைச் செலுத்திச் சோதனைகள் செய்தார். நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிவதே அவர் நோக்கம். அவர் கண்ட விதியை நீங்கள் பதினோராம் வகுப்பில் படிப்பீர்கள். சீராக ஓடும் ஒரு பாய்மம், ஒரே அழுத்த வேறுபாட்டில், ஒரு நொடியில் குழலைக் கடக்கும் அளவு, குழலின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர் விகிதத்தில் இருக்கும்.

ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது. பாதியை நான்கு முறை பெருக்குங்கள்: பதினாறில் ஒரு பங்கு! முன்போல் அதே காற்று வேண்டுமானால் 16 மடங்கு அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தை நெஞ்சுத் தசைகள்தாம் உண்டாக்க வேண்டும். திணறுகிற பிள்ளையின் தோள்கள் ஏறி இறங்குவதும், விலா எலும்புகளின் இடைவெளி உள்ளே இழுபடுவதும் இதனால்தான்.

சிறுவர்களுக்கு இது ஏன் கடுமையாகிறது? ஒரு கணக்குப் போடுவோம். 4 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழல் ஒன்று, 2 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழல் ஒன்று. இரண்டின் உட்சுவரும் 1 மில்லிமீட்டர் வீங்குகின்றன. பெரிய குழலின் ஆரம் 3 ஆகிறது. முக்காலின் நான்காம் அடுக்கு 81/256. அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான ஓட்டம் மிஞ்சுகிறது. சிறிய குழலின் ஆரம் 1 ஆகிறது, மிஞ்சுவது 1/16. வீக்கம் ஒன்றுதான். ஆனால் சிறு குழலுக்கு இழப்பு அதிகம்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இளநீர்க் கடையில் தரும் தடித்த உறிஞ்சு குழல் ஒன்று, சிறு அட்டைப் பெட்டிப் பானத்தோடு வரும் மெல்லிய குழல் ஒன்று. இரண்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாலும் ஒரு தம்ளர் நீரை உறிஞ்சிக் குடிக்க எத்தனை நொடி ஆகிறது என்று குறியுங்கள். விதி சொல்லும் மடங்கு அப்படியே வராது. வாயின் இழுவிசை மாறும். ஓட்டமும் எப்போதும் சீராக இராது. ஆயினும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். (குழல் வழியாக மூச்சு விட்டுப் பார்க்க வேண்டாம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து.)

இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. குறுகிய குழலை மருந்தால் சற்றே விரித்தாலும் ஓட்டம் பல மடங்கு கூடிவிடும். முகம் வெளிறி உட்கார்ந்திருந்த பிள்ளை சில நிமிடத்தில் எழுந்து பேசுவது இந்த நான்காம் அடுக்கின் வேலையே.

விசில் ஒலியும், அது நின்றுபோவதும்

மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சு விரிகிறது. அதனோடு குழல்களும் சிறிது விரிகின்றன. வெளிவிடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடிக் குழல்களை நெருக்குகிறது. முன்பே குறுகிய குழல்கள் இன்னும் ஒடுங்குகின்றன. ஆகவே ஆஸ்துமாவில் காற்றை இழுப்பதைவிட வெளியே விடுவதே பெரும்பாடு. பழைய காற்று உள்ளே தங்கிவிடுவதால் புதுக் காற்றுக்கு இடம் குறைகிறது. அப்படி ஒடுங்கிய குழலில் விரைந்து செல்லும் காற்றால் அதன் சுவர் அதிர்கிறது. அதுவே நாம் கேட்கும் விசில்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விசில் நின்றுவிட்டால் நோய் தணிந்தது என்று பொருளல்ல. பிள்ளை இன்னும் திணறுகிறது, ஆனால் ஒலி இல்லை என்றால், ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை என்று பொருள். மிகவும் ஆபத்தான நிலை அது.

நம் ஊர்க் காற்றில் என்ன இருக்கிறது?

பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டுவதில் முதலிடம் சாதாரணச் சளிக்காய்ச்சல் கிருமிகளுக்கே. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஒருவர் தும்மல் வகுப்பு முழுவதும் சுற்றி வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்து, மதுரைச் சமவெளிக்கே உரிய பருவங்கள் வருகின்றன.

ஆடியில் தென்மேற்குக் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு வறண்ட காற்றாக நம் பக்கம் வீசுகிறது. வறண்ட கண்மாய், புழுதிச் சாலை, வைகை மணல் எல்லாம் அதோடு எழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கிறது. பாய், தலையணை, மெத்தையில் வாழும் தூசி உண்ணிகளும் ஈரப்பதத்தில் பெருகுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இவ்வுண்ணிகளின் கழிவு, ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களில் முக்கியமானது.

மார்கழி, தை மாதங்களில் வேறொரு விந்தை நடக்கிறது. பொதுவாகத் தரையிலிருந்து மேலே போகப் போகக் காற்றின் வெப்பநிலை குறையும். மேகமில்லாத பனி இரவிலோ தரை தன் வெப்பத்தை விரைவாக இழந்து, அதை ஒட்டிய காற்றையும் குளிரச் செய்கிறது. கீழே குளிர் காற்று, மேலே வெப்பக் காற்று. இதற்கு வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்று பெயர். குளிர்ந்த காற்று கனமானதால் மேலே எழாது. அதிலுள்ள புகையும் எழாது. விடியற்காலையில் வயல்வெளிப் பக்கம் போனால், அடுப்புப் புகையும் குப்பை எரித்த புகையும் பாய் விரித்ததுபோல் தரையோடு படுத்திருப்பதைக் காணலாம். பள்ளிக்கு மிதிவண்டியில் வருகிற பிள்ளை அதன் ஊடேதான் வருகிறது.

செடிகளும் உண்டு. 1870-களில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம் இன்று நம் கண்மாய்க் கரைகளை மூடிக்கிடக்கிறது. அதன் மகரந்தம் ஒவ்வாமை தருவது. அதை வெட்டிக் கரி மூட்டம் போடும் இடங்களில் புகையும் சேர்ந்துகொள்ளும். காலி மனைகளில் வெள்ளைப் பூவோடு மண்டும் பார்த்தீனியமும் அப்படிப்பட்டதே.

வீட்டுக்குள்ளும் ஒரு புகைபோக்கி இருக்கிறது: கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்களின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலைக்குப் புகையில்லை!

வகுப்பறைத் தூசி எப்போது இறங்கும்?

காற்றில் மிதக்கும் துகள் எவ்வளவு வேகமாகக் கீழே இறங்கும் என்பது அதன் அளவைப் பொறுத்தது. ஆரம் பத்தில் ஒரு பங்கானால் இறங்கும் வேகம் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காகும். தண்ணீரின் அடர்த்தியுள்ள, 10 மைக்ரான் குறுக்களவுள்ள ஒரு துகள், அசைவற்ற காற்றில் நொடிக்கு 3 மில்லிமீட்டர் இறங்கும். 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பறையின் கூரையிலிருந்து தரைக்கு வர ஏறத்தாழ 17 நிமிடம். 1 மைக்ரான் துகளுக்கோ ஏறத்தாழ ஒரு நாள்! மின்விசிறி சுழலும் அறையில் அது இறங்குவதே அரிது.

10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவற்றை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்ளும். 5 மைக்ரானுக்கு உட்பட்டவை சிறு குழல்கள் வரை போகும். ஆக, ஆழமாகப் போகக்கூடிய துகளே நீண்ட நேரம் மிதக்கிறது.

இதிலிருந்து பள்ளிக்கு இரண்டு பாடங்கள். முதல் மணி அடிக்கும் முன் வகுப்பறையை வறட்டு விளக்குமாற்றால் பெருக்குவது மிகத் தவறான நேரம். மாலையில் பள்ளி விட்டபின் பெருக்கினால் தூசிக்கு ஓர் இரவு முழுவதும் கிடைக்கும். அடுத்து, நம் வீட்டுப் பெண்கள் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் பெருக்குகிறார்கள் அல்லவா? ஈரம் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்குகிறது. வகுப்பறையிலும் தரையைச் சற்று நனைத்துப் பெருக்கலாம். கரும்பலகையை ஈரத் துணியால் துடைக்கலாம். துடைப்பானைச் சுவரில் தட்டும் வேலையை ஆஸ்துமா உள்ள மாணவருக்குத் தரக் கூடாது. குப்பையைப் பள்ளி மைதானத்தில் எரிப்பதையும் நிறுத்த வேண்டும்.

13 வயதுச் சிறுமியின் கேள்வி

மருந்தை விழுங்கினால் அது குடலில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் சுற்றிக் கடைசியில் நுரையீரலுக்குப் போக வேண்டும். நேராகக் குழலுக்கே அனுப்பினால் என்ன? பழைய நாளில் இதற்காகக் கண்ணாடிக் கருவிகள் இருந்தன. ரப்பர்க் குமிழை அழுத்தினால் மருந்து நீர் சாரலாக வரும். அவை எளிதில் உடைந்துவிடும். அளவும் ஒரு சீராக இராது.

1955-இல் அமெரிக்காவில், ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசனிடம் ஆஸ்துமா உள்ள அவருடைய 13 வயது மகள் ஒரு கேள்வி கேட்டாள். கூந்தலுக்கு அடிக்கும் தெளிப்பானைப் போல என் மருந்தையும் ஏன் ஒரு சிறு குப்பியில் அடைக்கக் கூடாது என்பதே அக்கேள்வி. தந்தை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அழுத்தத்தால் திரவமாக்கிய வாயுவில் மருந்தைக் கலந்து, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வெளியேற்றும் அடைப்பிதழ் ஒன்றைப் பொருத்தினர். 1956-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று நாம் இன்ஹேலர் என்று அழைக்கும் கருவி அதுவே. பிறகு 1969-இல், குழல் தசையை விரைந்து தளர்த்தும் சால்புட்டமால் மருந்து புழக்கத்துக்கு வந்தது.

பேருந்தும் திருப்பமும்

இன்ஹேலரிலும் ஒரு சிக்கல் உண்டு. வேகமாகப் போகும் பேருந்து திடீரென்று வளைவில் திரும்பினால் நின்றுகொண்டிருப்பவர் என்ன ஆகிறார்? நிலைமத்தால் நேராகவே போய்ச் சன்னல் ஓரத்தில் மோதுகிறார். குப்பியிலிருந்து சீறி வரும் மருந்துத் துளியும் அப்படித்தான். வாயிலிருந்து தொண்டைக்குள் வழி ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்புகிறது. துளியால் திரும்ப முடியவில்லை. தொண்டையின் பின்சுவரில் மோதி ஒட்டிக்கொள்கிறது. அமுக்குவதும் மூச்சிழுப்பதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும். திணறும் பிள்ளைக்கு அது எளிதன்று.

இதற்குத் தீர்வு ஸ்பேசர் என்னும் இடைக்கலம். அது ஒரு வெற்றுக் குடுவைதான். துளிகள் முதலில் அதற்குள் பாய்ந்து வேகம் குறைகின்றன. உந்து வாயு ஆவியாகித் துளிகள் சிறுக்கின்றன. பிறகு நிதானமாக நாலைந்து மூச்சில் இழுத்துக்கொள்ளலாம். விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் வழியுண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகர மருத்துவர்கள், 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் குளிர்பானப் புட்டியின் அடியில் இன்ஹேலர் வாய்க்கேற்ற துளை இட்டு, அதையே இடைக்கலமாக்கிக் குழந்தைகளிடம் சோதித்தனர். கடையில் விற்பதைப் போலவே அது வேலை செய்தது என்று 1999-இல் வெளியிட்டனர்.

இடைக்கலத்தைக் கழுவுவதிலும் இயற்பியல் இருக்கிறது. பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் நிலைமின்னூட்டம் ஏறும். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதுபோல், மின்னூட்டம் ஏறிய சுவர் மருந்துத் துளிகளைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். ஆகவே சோப்பு நீரில் கழுவி, துடைக்காமல் காற்றிலேயே உலரவிட வேண்டும்.

பழக்கமாகிவிடுமா?

இன்ஹேலர் பிடித்தால் விட முடியாது, அது கடைசி மருந்து என்றெல்லாம் சொல்லுவார்கள். கணக்கைப் பார்ப்போம். சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கலாம். இன்ஹேலரின் ஓர் அமுக்கில் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது 0.1 மில்லிகிராம். மாத்திரை ஒன்று 40 அமுக்குகளுக்குச் சமம்! வேண்டிய இடத்துக்கே நேராகப் போவதால் சிறு அளவே போதுகிறது. கைநடுக்கம், படபடப்பு போன்ற பக்க விளைவுகளும் குறைகின்றன. போதைப் பொருளைப் போல் அடிமைப்படுத்தும் தன்மை அதற்கு இல்லை.

என் வகுப்பில் ஒரு மாணவி இன்ஹேலரைக் கைக்குட்டையில் சுற்றிப் பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தாள். யாராவது பார்த்தால் நோயாளிப் பெண் என்ற பெயர் வரும், பின்னால் திருமணப் பேச்சில் தடையாகும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். கண்ணாடி அணிந்தவர் அதை ஒளித்து வைப்பதில்லை. இதை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்? ஒளித்த மருந்து வேண்டிய நேரத்தில் கைக்கு வராது.

மருந்து இருவகை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஒன்று தசையை உடனே தளர்த்தும் நிவாரணி. மற்றொன்று நாள்தோறும் எடுத்து, உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிக்கும் தடுப்பு மருந்து. முதலாவதை மட்டும் நம்பியிருப்பது, கூரை ஒழுகும்போதெல்லாம் பாத்திரம் வைத்துவிட்டுக் கூரையைச் செப்பனிடாமல் விடுவதாகும். 12 வயதுக்கு மேற்பட்டோர் நிவாரணியை மட்டும் பயன்படுத்தி வரலாகாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டு நெறிகள் 2019 முதல் வலியுறுத்துகின்றன. நிவாரணி அடிக்கடி தேவைப்பட்டால், வாரத்தில் மூன்று நாள் என்றாலும், மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஐதராபாத்தில் ஆண்டுதோறும் சூன் மாதத்தில் ஒரு குடும்பத்தார் உயிருள்ள சிறு மீனின் வாயில் மூலிகைக் கலவையை வைத்து விழுங்கத் தருகிறார்கள். பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். அதனால் ஆஸ்துமா தீரும் என்பதற்கு முறையான சோதனைச் சான்று இல்லை. பிறகு ஏன் சிலர் குணமானதாகச் சொல்கிறார்கள்? இந்நோய் தானே ஏறித் தானே இறங்கும் இயல்புடையது. ஏறியிருக்கும்போது எதைச் சாப்பிட்டாலும், அடுத்து வரும் இறக்கம் அதனால் வந்ததாகவே தோன்றும். மருந்து தந்தவர்களையும் தராதவர்களையும் ஒப்பிடாமல் முடிவு கட்டலாகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

விளையாட்டு வேண்டாமா?

ஓடும்போது வாயால் வேகமாக மூச்சு விடுகிறோம். குழலின் உட்சுவர் வறண்டு குளிர்கிறது. சிலருக்கு இதுவே இழுப்பைத் தூண்டும். அதற்காக அவர்களை விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார வைப்பது சரியன்று. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட அமெரிக்க வீரர்கள் 597 பேரில் 67 பேருக்கு உடற்பயிற்சியால் தூண்டப்படும் இவ்விழுப்பு இருந்தது. அவர்கள் வென்ற பதக்கங்கள் 41! நோய் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மெல்ல உடலைச் சூடேற்றிப் பிறகு ஓட வேண்டும். மருத்துவர் சொல்லியிருந்தால் ஓடும் முன் மருந்து எடுக்க வேண்டும். புழுதி கிளம்பும் நாளில் மட்டும் விலகியிருக்கலாம்.

கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதை அளக்கவும் ஒரு கருவி உண்டு. உச்ச மூச்சோட்ட மானி என்று அதைச் சொல்லலாம். 1959-இல் ரைட், மெக்கெரோ ஆகிய இருவரும் அதன் முதல் வடிவத்தைப் பற்றி எழுதினர். ஆழ மூச்செடுத்து, ஒரே வீச்சில் ஊதினால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகம் என்பதை முள் காட்டும். ஒரு மாணவரின் மிகச் சிறந்த அளவு 300 என்றால், 240-க்கு மேல் இருக்கும் நாள் பச்சை, 240-க்கும் 150-க்கும் இடைப்பட்டது மஞ்சள், 150-க்குக் கீழே சிவப்பு. இதை நாள்தோறும் வரைபடத் தாளில் குறித்து வந்தால், உடல் உணரும் முன்பே கோடு இறங்குவதைப் பல நேரங்களில் காணலாம்.

முதல் சில நிமிடங்கள்

பிரிட்டனில் 195 ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவர்களில் 45 சதவீதம் பேர் மருத்துவ உதவியை நாடாமலோ, உதவி வந்து சேரும் முன்போ இறந்திருந்தனர். ஆகவே உதவி வரும்வரை உள்ள நிமிடங்கள் மிக முக்கியம். ஆஸ்திரேலியப் பள்ளிகளில் கற்பிக்கும் ‘நான்கு நான்கு நான்கு’ என்ற முறையை எளிதில் நினைவில் வைத்துக்கொள்ளலாம்:

1. நோயாளியை நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். கூட்டத்தை விலக்குங்கள். ஒருவர் ஓடிப் போய் ஆசிரியரை அழைக்கட்டும். மற்றொருவர் அருகிலேயே இருக்கட்டும்.

2. அவருடைய நிவாரணி இன்ஹேலரை எடுத்துக் குலுக்குங்கள். நிறத்தை நம்பாமல் பெயரைப் படியுங்கள். இடைக்கலத்தில் பொருத்தி ஓர் அமுக்கு. அவர் 4 முறை மூச்சிழுக்கட்டும். இப்படி 4 அமுக்குகள்.

3. 4 நிமிடம் காத்திருங்கள். குறையாவிட்டால் மீண்டும் 4 அமுக்குகள்.

4. அப்போதும் குறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை 4 நிமிடத்துக்கு 4 அமுக்குகள் தொடரட்டும்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத திணறல், உதடு நீலமாதல், மயக்கம், விசில் ஒலி அடங்கியும் தீராத திணறல்: இவற்றில் எது இருந்தாலும் காத்திராமல் உடனே 108-ஐ அழைத்துவிட்டு மருந்தைத் தொடங்குங்கள்.

பள்ளியில் செய்யத் தக்கவை

2014 அக்டோபர் முதல் பிரிட்டனில் பள்ளிகளே அவசரத்துக்கு ஒரு சால்புட்டமால் இன்ஹேலரையும் இடைக்கலத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. நம் நாட்டில் 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்து மாணவர்களைப் பரிசோதிக்கின்றன. அவர்கள் தேடும் 30 நோய்நிலைகளின் பட்டியலில் மூச்சுக்குழல் இரைப்பும் இருக்கிறது. அக்குழு வரும் நாளில், இரவில் இருமல் வருகிறது, ஓடினால் நெஞ்சு இறுகுகிறது என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ஆனால் குழு வந்து போகும் நாள்களுக்கு இடையே, வகுப்பில் இருப்பவர்கள் நீங்கள்தாம். ஆஸ்துமா உள்ள ஒவ்வொரு மாணவரும் தம் நிவாரணியைத் தம் பையிலேயே வைத்திருக்க வேண்டும். அலுவலக அலமாரியில் பூட்டி வைத்தால் சாவியைத் தேடுவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். மருந்தின் பெயர், பெற்றோரின் தொலைபேசி எண், மருத்துவர் எழுதித் தந்த குறிப்பு ஆகியவை அடங்கிய அட்டை ஒன்று வகுப்பாசிரியரிடம் இருக்கட்டும். குப்பியில் மருந்து மிச்சமுள்ளதா, காலாவதி நாள் கடந்துவிட்டதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். சுற்றுலா, விளையாட்டுப் போட்டி, தேர்வுக் கூடம் எங்கே போனாலும் அது உடன் வர வேண்டும். தேர்வுக் கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சு குழல் சோதனையைச் செய்து காட்டுங்கள். நான்காம் அடுக்குக் கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். ‘நான்கு நான்கு நான்கு’ முறையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, தலைமையாசிரியரின் அனுமதியோடு உடற்பயிற்சி அறைச் சுவரில் ஒட்டுங்கள். வகுப்பைப் பெருக்கும் நேரத்தை மாலைக்கு மாற்றுமாறு கேளுங்கள். இவற்றுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. உங்கள் அடுத்த இருக்கைத் தோழருக்கு ஒரு நாள் இவை தேவைப்படலாம்.